மணலுக்கு எதிர்த்திசையில் ஒரு பயணம்

ஜூன் மாதத்தில் ஒரு நாள், சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் பரவுகிற நேரத்தில், கல்முனைக் கடற்கரைப் பள்ளிக்கு முன்னால் போய் நின்று ஒரு வெறும் சிரட்டையை அலைநுரைக்குள் போட்டுப் பாருங்கள். அலை அதைத் தூக்கிக்கொண்டு கரையேறும். ஏறும்போது நேராக ஏறாது, சற்று வடக்குப் பக்கமாகச் சரிந்து ஏறும். தண்ணீர் வடிந்து திரும்பும்போது மணலின் சரிவோடு நேரே கீழே இறங்கும். அடுத்த அலை மறுபடியும் சரித்துத் தூக்கும், மறுபடியும் நேரே இறக்கும். கால்மணி நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால் சிரட்டை நீங்கள் நின்ற இடத்தில் இருக்காது. மருதமுனைப் பக்கமாக நாற்பது, ஐம்பது எட்டுத் தள்ளிப் போயிருக்கும்.

கரைவலை இழுக்கிறவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. "தண்ணி வடக்க இழுக்குது" என்று சொல்லிவிட்டு, கயிற்றைப் பிடித்தபடியே அவர்களும் வடக்கே நகர்ந்துகொள்வார்கள். சிரட்டைக்கு நடப்பதுதான் அதற்கடியில் கிடக்கும் ஒவ்வொரு மணல் துகளுக்கும் நடக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும் அலைகள் மணலை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, வடக்கே கொண்டுபோகின்றன. வாடைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து அலை வரும்போது இதே மணல் தெற்கே திரும்புகிறது. ஆனால் இரண்டு கணக்கையும் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது வடக்குத்தான். ஆண்டு முழுவதும் ஓயாமல் ஓடுகிற ஒரு மணல் ஆறு, பொத்துவிலிலிருந்து பெரியநீலாவணை வரைக்கும் நம் காலடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அம்பாறைக் கரையைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு நான் ஒரு வழி சொல்வதுண்டு. கல்முனையில் தொடங்கி ஏ4 வீதியில் தெற்கே போங்கள். நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், பாணமை, குமண. அது மணல் வரும் திசைக்கு எதிர்த்திசை, ஆற்றின் ஊற்றுக்கண்ணைத் தேடி மேலேறிப் போவதைப் போன்றது. அப்படிப் போனால் வழியில் வரும் பள்ளிவாசலும் கோயிலும் விகாரையும் துறைமுகமும் காடும் தனித்தனிப் பார்வையிடங்களாக இருக்காது. எல்லாம் ஒரே கதையின் உறுப்புகளாகத் தெரியும்.

முதலில் ஒரு பிடி மணலை அள்ளுங்கள். ஈரம் காய்ந்ததும் உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால் அது ஒரே நிறம் இல்லை. பெரும்பாலானவை கண்ணாடித் துகள் போலிருக்கும் படிகக்கல், அதாவது குவார்ட்ஸ். இடையிடையே ரோஜா நிறத்தில் கார்னெட். அப்புறம் மைபோல் கறுத்த இல்மனைட். அலை ஏறி இறங்கும் விளிம்பில் கறுப்பு மணல் கோடு கோடாகப் படிந்திருப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்போம். அது அழுக்கு இல்லை. குவார்ட்ஸின் அடர்த்தி தண்ணீரைப் போல 2.65 மடங்கு, இல்மனைட்டின் அடர்த்தி ஏறத்தாழ 4.7 மடங்கு. அலை திரும்பிப் போகும்போது இலேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போகிறது, கனத்தது பின்தங்கிவிடுகிறது. சுளகில் அரிசி புடைக்கும் உம்மாமார் செய்வதும் இதே வேலைதான், அங்கே காற்று, இங்கே தண்ணீர். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி அந்தக் கறுப்புக் கோட்டில் இழுத்தால் சில துகள்கள் மயிர் போல எழுந்து ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறவர்கள் ஒரு தடவை செய்து காட்ட வேண்டும்.

இந்தத் துகள்கள் பிறந்த இடம் கடல் இல்லை. கிழக்கிலங்கையின் அடித்தளப் பாறைகள் சுமார் 100 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை. கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, 50-60 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் மறுபடியும் வெந்து அழுந்தியவை. அந்தப் பாறை வெயிலிலும் மழையிலும் உளுத்துப் போகும்போது இரண்டாகப் பிரிகிறது. அதிலுள்ள பெல்ஸ்பார் கரைந்து களியாகிறது. குவார்ட்ஸ் கரைய மறுத்து மணலாக நிற்கிறது. ஆறு இரண்டையும் சுமந்து வருகிறது. களி தண்ணீர் தேங்கும் தாழ்நிலத்தில் படிகிறது, மணல் கடல்வரை போய் அலையின் கைக்கு மாறுகிறது.

நம் ஊர்களின் அமைப்பே இதில்தான் இருக்கிறது. மேற்கே களி படிந்த இடமெல்லாம் வயல், நாம் 'வட்டை' என்கிறோம். கரைவாகு வட்டையில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். கிழக்கே அலை கொண்டுவந்து குவித்த மணல்மேடு. அந்த மேட்டில்தான் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எல்லாம் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வெள்ளம் நிற்கும் வயல். வீடு கட்ட நடுவில் இருக்கும் மணல் வரம்பைத் தவிர வேறு இடமில்லை. இலங்கையில் மக்கள் மிக நெருங்கி வாழும் கரைகளில் ஒன்றாக இது ஆனதற்கு இந்த வரம்பின் ஒடுக்கமும் ஒரு காரணம். காரைதீவுக்கு ஏன் தீவு என்று பேர் வந்தது என்று கேட்கிறவர்கள் மார்கழி வெள்ளத்தில் ஒரு தடவை மேற்கே பார்த்தால் போதும்.

கடலுக்கு நூறு, இருநூறு யார் தள்ளிக் கிணறு தோண்டினால் நல்ல தண்ணீர் வருகிறதே, எப்படி? பெய்த மழை மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. மிதக்கிறது என்று சொல்வது உவமைக்காக இல்லை. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம் கூடியது. அதனால் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் உப்பைத் தள்ளிவைத்திருக்கும். பனிக்கட்டி கடலில் மிதக்கும் கணக்கைப் போன்றதுதான் இதுவும். ஆனால் அதே கணக்கு திரும்பியும் வரும். மோட்டார் வைத்து இறைத்து மேலே ஓர் அடி குறைத்தால், அடியிலிருந்து உப்பு மெல்ல மெல்ல 40 அடி ஏறத் தொடங்கும். வாளியால் அள்ளிய காலத்தில் இனித்த கிணறு பம்ப் வைத்த பிறகு கரிப்பது இதனால்தான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திராவுக்கு அப்பால், இங்கிருந்து சுமார் 1,600 கிலோமீற்றர் தூரத்தில், கடலடியில் 9.1 அளவில் நிலம் உடைந்தது. 4,000 மீற்றர் ஆழமான கடலில் சுனாமி மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அது இந்தக் கரைக்கு வந்துவிட்டது. இலங்கையில் மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதுவிலும் கடலோரத் தெருக்கள் அப்படியே இல்லாமல் போயின. மணல்மேட்டின் விளிம்புவரை வீடுகள் நெருங்கியிருந்த இடங்களில் தண்ணீருக்கும் மனிதருக்கும் நடுவில் எதுவும் இருக்கவில்லை. தெற்கே யால பக்கத்தில், கடல் தெரிய வேண்டும் என்பதற்காக முன்னாலிருந்த மணற்குன்றை அகற்றிய ஒரு விடுதி அடியோடு போனதை, பின்னர் வந்த ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள்.

கிணறுகளுக்குள்ளும் கடல் புகுந்தது. சுத்தம் செய்யும் அவசரத்தில் பல இடங்களில் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள்: அதிகம் இறைக்க இறைக்க அடியிலிருந்தும் உப்பு ஏறும். கடைசியில் கிணற்றைத் திருத்தியது மழைதான். வாடைமழை மணலுக்குள் இறங்கி, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளியது.

பயணம் தொடங்கிய கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் பிறை கண்டதும் நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ் பேரில் கொடி ஏற்றுவார்கள். சுமார் இருநூறு ஆண்டு மரபு. விழா நடக்கும் பன்னிரண்டு நாளும் மணலெல்லாம் கடைகளும் பிள்ளைகளும் நிறைந்திருக்கும். நாகூருக்கும் கல்முனைக்கும் நடுவில் வெறும் கடல்தான் இருக்கிறது. தோணியில் போய் வந்தவர்களுக்கு அது தூரமாகப் பட்டிருக்காது. இந்த விழாவைப் பார்க்கிறவர்கள் கொடிமரத்துக்குக் கிழக்கே கடல் எத்தனை எட்டில் இருக்கிறது என்பதையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். பெரியவர்களைக் கேட்டால் முன்பு எத்தனை எட்டு என்று சொல்வார்கள்.

சாய்ந்தமருதுவில் தோணா என்று ஒரு நீர்நிலை ஊருக்குள் வளைந்து கிடக்கிறது. வெள்ளத் தண்ணீர் கடலுக்கு வடியும் வழி அது. அடுத்து வரும் காரைதீவில் 1892இல் பிறந்தவர் விபுலாநந்த அடிகள். விஞ்ஞானம் படித்துவிட்டு யாழின் சுரங்களைக் கணக்கிட்டு 'யாழ் நூல்' எழுதியவர். அவர் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஒலுவிலில் கொஞ்சம் நேரம் எடுத்து நிற்க வேண்டும். தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் வெளிச்சவீடும் இங்கே இருக்கின்றன. இவற்றுக்கும் அப்பால், கடலுக்குள் கருங்கற்களால் நீண்ட அலைதடுப்புச் சுவர்களோடு ஒரு துறைமுகம். இந்தக் கரைக்கு ஒரு துறைமுகம் வேண்டும் என்பது துறைமுக அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரப்பின் கனவு. அவர் 2000 செப்டம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் காலமானார். பின்னர் டென்மார்க் கடனுதவியோடு வேலை நடந்து, 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது.

சுவரின் தென்புறத்தில் நின்று பாருங்கள். விரிந்த, புத்தம்புது மணல்வெளி. அங்கிருந்து வடபுறத்துக்கு நடந்து வாருங்கள். கடல் நிலத்தைக் கடித்துக் கடித்து எடுத்திருக்கும். வேர் வெளியே தெரியச் சாய்ந்த தென்னைகள், அலைக்குப் போட்ட பாறாங்கற்கள். வடக்கே நோக்கி ஓடிக்கொண்டிருந்த மணல் ஆற்றுக்குக் குறுக்கே சுவர் எழுப்பினால் நடக்கக்கூடியதுதான் நடந்திருக்கிறது. ஆற்றுக்கு அணை கட்டினால் மேல்பக்கம் தண்ணீர் தேங்கும், கீழ்ப்பக்கம் வற்றும். மணலும் அதையே செய்கிறது. தெற்கே தேங்குகிறது, வடக்கே வற்றுகிறது. அலையோ வடக்கே எடுத்துக்கொண்டு போகும் வேலையை நிறுத்தவில்லை. வரவு நின்றுவிட்டது, செலவு நடக்கிறது. நிந்தவூர்க் கரை கரைவது அந்தக் கணக்கில்தான். தெற்கே தேங்கிய மணல் சுவர் நுனியைச் சுற்றி வந்து துறைமுக வாயையும் அடைத்தது. தோணிகள் உள்ளே போக முடியாமல் கிடந்த காலங்கள் உண்டு.

இது கடலின் கோபம், காலநிலையின் கோளாறு என்று பொதுவாகச் சொல்லிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடல் மட்டம் உயர்வது உண்மை. ஆனால் ஒரே கடலில், ஒரே காலத்தில், ஒரு சுவரின் இரண்டு பக்கங்களில் ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் தேய்கிறது என்றால் காரணம் அந்தச் சுவர். இதைத் தெளிவாகச் சொன்னால்தான் காணியும் தென்னையும் போனவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்க முடியும்.

இதற்கு முன்மாதிரி நமக்கு மிகவும் பழக்கமான இடத்திலேயே இருந்தது. சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டும் வேலை 1870களின் நடுவில் தொடங்கியது. அங்கும் மணல் வடக்கே ஓடுகிற கரைதான். சுவருக்குத் தெற்கே தேங்கிய மணல் வளர்ந்து வளர்ந்து இன்றைய அகன்ற மெரினாவாக ஆனது. வடக்கே ராயபுரமும் காசிமேடும் கரைந்தன. இன்றைக்கும் அங்கே கல்லைப் போட்டுத்தான் கரையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மெரினாவில் சுண்டல் வாங்கித் தின்றபடி நடக்கிற எத்தனை பேருக்குத் தாங்கள் மிதிப்பது வடசென்னைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல் என்று தெரியும்? புதுச்சேரியிலும் இதே கதை, 1980களின் கடைசியில் துறைமுகச் சுவர் வந்த பிறகு நகரத்தின் கடற்கரை காணாமல் போனது.

வழி இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் 1986 முதல், ஆற்றுவாயின் ஒரு பக்கம் தேங்கும் மணலைத் தண்ணீரோடு சேர்த்துப் பம்ப் செய்து, குழாய் வழியாக மறுபக்கக் கரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இயற்கை செய்த வேலையை எந்திரம் தொடர்கிறது. ஆண்டுதோறும் செலவாகும், நிறுத்தவும் முடியாது. அந்தச் செலவை, சுவரைக் கட்டும்போதே கணக்கில் எழுதியிருக்க வேண்டும்.

ஒலுவிலுக்கும் நிந்தவூருக்கும் நடுவில் களியோடை கடலுக்கு வருகிறது. பேரிலேயே களி இருக்கிறது. பழைய பட்டிப்பளை ஆற்றின் தண்ணீர் இந்தப் பக்கமாகத்தான் கடலைச் சேர்ந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் அந்த ஆற்றை இங்கினியாகலையில் மறித்தது. அங்கே உருவான சேனாநாயக்க சமுத்திரத்தில் இப்போது தோணியில் போனால் யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைப் பார்க்கலாம்; 1954இல் அறிவிக்கப்பட்ட கல்லோயா தேசியப் பூங்கா அது. தண்ணீர் தேங்கும் இடத்தில் மணலும் தங்கிவிடும். வட்டைகளுக்கு இருபோகமும் தண்ணீர் கிடைத்தது என்ற பெரிய வரவுக்குப் பக்கத்தில், கரைக்கு வர வேண்டிய மணலில் ஒரு பங்கு மலையடியிலேயே நின்றுவிட்டது என்ற செலவையும் எழுத வேண்டியிருக்கிறது.

அதே ஆற்றுவெளியில், வயல்களுக்கு நடுவில் செங்கல் மலைபோல எழுந்து நிற்கிறது தீகவாபி தூபி. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் சத்தாதிஸ்ஸ மன்னன் கட்டியது என்பது மகாவம்ச மரபு. தீகவாபி என்றால் நீண்ட குளம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்தக் களிநிலத்தில் குளம் கட்டி நெல் விளைத்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. செங்கல்லுக்கும் அதே களிதான்.

அக்கரைப்பற்றைத் தாண்டினால் ஊர்கள் ஐதாகும். தம்பிலுவில், திருக்கோவில். சித்திர வேலாயுத சுவாமி கோயில் கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாவட்டம் முழுவதிலிருந்தும் சனம் வரும். இந்தப் பகுதி மணலில் கறுப்பு அதிகம். அந்த இல்மனைட்டை அகழ வந்தபோது ஊர்மக்கள் எழுந்து மறுத்தார்கள். மணலை எடுத்தால் கரை போகும் என்பது அவர்களுக்குப் பாடம் நடத்தித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

பொத்துவிலில் மணல் வேறு உருவம் எடுக்கிறது. அலை கரையில் போட்டதைக் காற்று தூக்கி உள்ளே கொண்டுபோய்க் குன்றாக்குகிறது. ஒரு மணற்குன்று வளர வேண்டுமானால் முதலில் காற்றைத் தடுக்க ஏதாவது வேண்டும். அந்த வேலையை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் செய்கின்றன. அடம்பன் கொடியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கணுவுக்குக் கணு வேர்விட்டிருக்கும், ஓர் இடத்தில் பிடுங்கினால் நாலு இடத்தில் மணல் கிளம்பும். மணல் மூட மூட அது மேலே மேலே கொடி ஓட்டும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் மூத்தவர்கள் சொன்னது பார்த்துச் சொன்னது. நடக்கும்போது அதை மிதிக்காமல் நடப்பது நல்லது. அதற்குப் பின்னால் ஊர் இருக்கிறது.

இந்த மணல்மேடுகளுக்கு நடுவில் பாதி புதைந்த கல்தூண்களோடு முகுது மகா விகாரையின் இடிபாடுகள். கடலில் விடப்பட்ட இளவரசி விகாரமகாதேவி கரையேறிய இடம் என்கிறது ஒரு மரபு. தெற்கே கிரிந்தைக்கும் அதே மரபு உண்டு. எது எப்படியோ, ஒரு பழைய கட்டடத்தைக் காற்று மணலால் மூடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காட்டுவதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

அடுத்தது உல்லை. உலகம் அறுகம்பை என்று அறிகிறது. ஏப்ரல், மே தொடங்கி ஒக்டோபர் வரை அலைப்பலகையோடு வெள்ளைக்காரர்கள் வந்து குவிவார்கள். இப்போது நம் பையன்களும் அவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் ஏறி ஓடுகிற அலை இங்கே பிறந்தது இல்லை. இந்து சமுத்திரத்தின் தென்கோடியில், தென் அட்சம் 40, 50 பாகைகளில், ஓயாத புயல்கள் கடலைக் கடைகின்றன. அங்கே எழும் நீண்ட அலைகளில், 14 விநாடிக்கு ஒன்றாக வரும் அலைக்கூட்டத்தை எடுத்துக்கொண்டால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 940 கிலோமீற்றர் நகரும். 6,000 கிலோமீற்றருக்கு மேல் வெறுங்கடலைத் தாண்டி, ஆறேழு நாளில் உல்லைக்கு வந்து சேரும். திங்கட்கிழமை தூரத்தில் அடித்த புயல் ஞாயிற்றுக்கிழமை உங்கள் கால்விரலை நனைக்கிறது.

ஆழ்கடலில் அலைக்கு அடித்தளம் தெரியாது. கரை நெருங்கி, தண்ணீரின் ஆழம் அலை உயரத்தைப் போல ஒன்றேகால் மடங்களவுக்குக் குறையும்போது, அடிப்பகுதி தரையில் உராய்ந்து பின்தங்குகிறது, மேல்பகுதி முந்திக் கவிழ்கிறது. உல்லையில் குடாவின் தென்நுனியில் நிலம் கடலுக்குள் நீண்டிருக்கிறது. தெற்கிலிருந்து வரும் அலை அந்த நுனியில் முதலில் தரையைத் தொட்டு உடையத் தொடங்கும். மீதி இன்னும் உடையாமல் குடாவுக்குள் வளைந்து வரும். உடைப்பு ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குப் பாயை விரிப்பதுபோல வடக்கே ஓடும். காலையில் தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று அலையின் முகத்தைத் தாங்கிப் பிடித்து, கவிழ்வதைத் தாமதப்படுத்தும். அலையின் மேல் நிற்பவன் அந்த உடைப்புக்கு முன்னால் வலப்பக்கமாக ஓடுகிறான். அவன் ஓடும் திசையும் அவன் காலுக்குக் கீழே மணல் ஓடும் திசையும் ஒன்றுதான். கல்முனையில் நமது சிரட்டையைத் தள்ளிய கையே இங்கே அவனையும் தள்ளுகிறது.

பொத்துவிலுக்கும் உல்லைக்கும் நடுவிலுள்ள பாலத்தைக் கடக்கும்போது களப்பு கடலைச் சேரும் முகத்துவாரம் கண்ணில் படும். கோடையில் பல முகத்துவாரங்களை மணல் திட்டு அடைத்துவிடும். இலங்கையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு; வாயைக் கழுவித் திறந்து வைக்க அந்த வலு போதாது. நவம்பரில் மழை பிடித்துக் களப்பு நிரம்பி, வயலுக்குள் தண்ணீர் ஏறும்போது மண்வெட்டியோடும் எந்திரத்தோடும் போய் வாயை வெட்டுவார்கள். ஒரு கோடு கீறிவிட்டால் போதும், பிறகு தண்ணீரே தனக்கு வழி அகலப்படுத்திக்கொள்ளும். எப்போது வெட்டுவது என்பதில் விவசாயிக்கும் மீனவருக்கும் ஒவ்வோர் ஆண்டும் வாக்குவாதம் வரும். முந்தினால் களப்பு வடிந்து இறால் போகும், பிந்தினால் பயிர் அழுகும். கல்முனையிலும் கிட்டங்கித் தாம்போதியில் தண்ணீர் ஏறினால் எல்லாரும் வாய் வெட்டியாச்சா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பொத்துவிலிலிருந்து மேற்கே திரும்பினால் லகுகல. 1,554 ஹெக்டயர் மட்டுமே உள்ள சிறிய தேசியப் பூங்கா. கோடையில் குளம் வற்ற வற்ற, வெளிப்படும் சேற்றில் பேரு என்கிற புல் அடர்ந்து வளர்கிறது. அதைத் தேடி யானைகள் கூட்டமாக இறங்கும்; வீதியில் பஸ்ஸை நிறுத்தியே பார்க்கலாம். அருகில் மகுல் மகா விகாரை. அதன் சந்திரவட்டக்கல்லில் செதுக்கிய யானைகளின் முதுகில் பாகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வேறெங்கும் நான் அப்படிப் பார்த்ததில்லை. அந்தக் கல்லை விரலால் தடவினேன். வெள்ளைப் புள்ளியாகக் குவார்ட்ஸ், இடையிடையே கறுப்பு. கல்முனையில் உள்ளங்கையில் வைத்துப் பார்த்த அதே துகள்கள், இன்னும் பிரியாமல், சிற்பியின் யானைக்குள் இருக்கின்றன.

பாணமையைத் தாண்டினால் தார்வீதி முடிகிறது. உகந்தையில் மொட்டைப் பாறைகளுக்கு அடியில் முருகன் கோயில். ஆடிவேலுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கால்நடையாகக் கதிர்காமம் போகிறவர்கள் இங்கே தங்கி, காட்டுப்பாதை திறந்ததும் குமணவுக்குள் இறங்குகிறார்கள். பாறை, சரளை, மணல் மூன்றும் ஒரே பார்வையில் அகப்படும் இடம் இது. பாறையின் வெடிப்பில் வெட்டின பாளமாக நிற்கும் கல், அடியில் கரடுமுரடான சரளை, கடலருகில் மெல்லிய மணல்.

குமண தேசியப் பூங்கா 35,664 ஹெக்டயர். முன்பு கிழக்கு யால என்ற பெயர், 2006இல் குமணவானது. போரால் 1985இலிருந்து 2003வரை பூட்டிக் கிடந்தது. நடுவில் சுமார் 200 ஹெக்டயர் பரப்பில் குமண வில்லு. வில் என்றால் சிறுகுளம். பொத்துவில், தம்பிலுவில் என்ற நம் ஊர்ப்பெயர்களின் கடைசியில் நிற்பதும் அந்த வில்தான். கும்புக்கன் ஓயா பெருகும்போது ஒடுங்கிய வாய்க்கால் வழியாக ஆற்றுநீர் வில்லுக்குள் வருகிறது. மணல் திட்டு அடைத்து நிற்கும் வரை அந்த நீர் உள்ளே தேங்கும், கண்டல் மரங்கள் கழுத்துவரை நனைந்து நிற்கும். மே தொடங்கி ஜூலை வரை நாரையும் கொக்கும் கரண்டிவாயனும் அந்தக் கண்டல்களில் கூடு கட்டுகின்றன. மரம் தண்ணீருக்குள் நிற்பதால் நரியும் காட்டுப்பூனையும் கூட்டை எளிதில் எட்டுவதில்லை. ஒரு மணல் வரம்பு உடைவதிலும் அடைவதிலும் இத்தனை குஞ்சுகளின் உயிர் இருக்கிறது.

இரவில் இந்தக் கரையில் ஆமைகள் ஏறுகின்றன. முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். குஞ்சு ஆணா பெண்ணா என்பது மணலின் சூட்டைப் பொறுத்தது. ஏறத்தாழ 29 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் பெண் கூடும், கீழே போனால் ஆண் கூடும்.

பூங்காவின் எல்லையில் கும்புக்கன் ஓயா கடலைச் சேர்கிறது. நான் போன அன்று கோடை. மருத மரங்களின் நிழலில் ஆறு முழங்கால் அளவுக்கு, கண்ணாடி போல ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் தரையில் மணல் சின்னச் சின்ன மேடுகளாக வரிசை கட்டியிருந்தது. ஒவ்வொரு மேட்டின் முதுகிலும் துகள்கள் உருண்டு ஏறி, உச்சியில் தயங்கி, மறுபக்கம் சரிந்தன. மேடுகள் அப்படியே கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தன. வாயில் மணல் திட்டு. அதன் மேல் ஏறி நின்றேன். இந்தப் பக்கம் நன்னீர், அந்தப் பக்கம் அலை. தெற்கிலிருந்து வந்த ஓர் அலை திட்டின் மேல் சரிந்து ஏறி, ஒரு கை மணலை எடுத்துக்கொண்டு நேரே இறங்கியது. அது இனி உல்லைக்குப் போகும், பொத்துவிலுக்குப் போகும், ஒலுவில் சுவரில் தங்கி நிற்கும்.

நான் ஒரு பிடி அள்ளிப் பொட்டலத்தில் கட்டாமல், அப்படியே அலைக்குள் போட்டுவிட்டு வந்தேன்.